பிளாஸ்டிக் ஷீட்டுக்குப் பசை வாங்குமுன் ஷீட்டைப் பாருங்கள்

மும்பையில் தாராவி, சாக்கிநாக்கா பக்கம் போர்டு, டிஸ்ப்ளே பெட்டி செய்யும் காலாக்களில் (சிறு பட்டறைகளில்) அடிக்கடி வரும் புகார் இது: "நல்ல பசைதான் போட்டோம், பெயர்ந்து வந்துவிட்டது." பெரும்பாலும் குறை பசையில் இருக்காது. ஷீட் என்ன பிளாஸ்டிக் என்று பார்க்காமலே பசை வாங்கியிருப்பார்கள்.

சன்போர்டையும் சன்பேக்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் எடை குறைவு, கடையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். சன்போர்டு என்று விற்பது பெரும்பாலும் பிவிசி ஃபோம். குழாய்க்குப் போடும் பிவிசி சால்வென்ட் சிமென்ட், ஃபெவிக்விக், இரு பக்கமும் தடவி உலரவிட்டு ஒட்டும் ரப்பர் பசை எல்லாமே அதைப் பிடிக்கும். உள்ளே வரிவரியாகக் குழல் ஓடும் சன்பேக், பாலிப்ரோப்பிலீன். மேலே சொன்ன எதைப் போட்டாலும் காய்ந்தபின் நகத்தால் நெம்பினால் பசை மட்டும் தோலாக உரிந்து வரும். பாலிப்ரோப்பிலீன், பாலிஎத்திலீன் இரண்டுக்கும் பரப்பு ஆற்றல், அதாவது மேலே படும் திரவத்தை இழுத்துப் பரப்பும் திறன், குறைவு. மீட்டருக்குச் சுமார் 30 மில்லிநியூட்டன். அக்ரிலிக்குக்கும் பிவிசிக்கும் 40-ஐ ஒட்டி வரும். அதனால் பாலிப்ரோப்பிலீன் மேல் பசை பரவாமல் திரண்டு நிற்கும். இந்த இரண்டுக்கும் பசை பிடிக்க முதலில் தடவும் பாலியோலெஃபின் ப்ரைமர் தடவி, அதன்மேல் சயனோஅக்ரிலேட் (ஃபெவிக்விக் வகைப் பசை) போடலாம்; இந்த வகை பிளாஸ்டிக்குக்கென்றே வரும் இரு பாக அக்ரிலிக் பசை இன்னும் மேல். தொட்டி, ட்ரே என்றால் பசையை மறந்துவிட்டு, அதே பிளாஸ்டிக் கம்பியை வைத்து, சூடான காற்றால் உருக்கி இணைக்கும் ஹாட் ஏர் வெல்டிங் செய்வதே சரி.

ஷீட்டை அடையாளம் காண ஆய்வகம் தேவையில்லை. ஒரு துண்டைத் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் பாலிப்ரோப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன். ஏபிஎஸ், அக்ரிலிக், பாலிகார்பனேட், கெட்டி பிவிசி எல்லாம் மூழ்கும். ஃபோம் ஷீட்டுக்கு மட்டும் இந்தச் சோதனை செல்லாது, பிவிசியாக இருந்தாலும் மிதக்கும். கண்ணாடிபோல் இருக்கும் ஷீட்டில் மெல்லிய கீற்றை வெட்டி வளையுங்கள்: அக்ரிலிக் படக்கென்று உடையும், பாலிகார்பனேட் மடங்கும். அசிட்டோன் ஒரு சொட்டு விட்டதும் பிசுபிசுத்தால் ஏபிஎஸ் அல்லது பாலிஸ்டைரீனாக இருக்கலாம்; அக்ரிலிக்கும் அசிட்டோனில் இளகும்.

அக்ரிலிக்கில் ஒட்டுவது என்பதே வேறு வேலை. மெத்திலீன் குளோரைடு, கடையில் எம்.டி.சி., பசையே அல்ல. இரு ஓரங்களையும் கரைத்து ஒன்றாக்கிவிட்டு ஆவியாகிப் போகிறது. இடைவெளியை அது நிரப்பாது. ஓரத்தை 220, பிறகு 400 நம்பர் உப்புத்தாளால், கட்டையில் சுற்றித் தட்டையாகத் தேய்க்க வேண்டும். பளபளப்புக்காக நெருப்புக் காட்டிய ஓரம் ஒட்டுக்கு உதவாது. முனை உருண்டிருக்கும், உள்ளே இழுவிசையும் தங்கியிருக்கும். துண்டுகளைச் சேர்த்து வைத்தால் நடுவில் மெல்லிய காகிதம்கூட நுழையக் கூடாது. பிறகு இடையில் 0.3 மி.மீ. கம்பிகளைச் செருகி, ஊசி முனையால் திரவத்தை ஓரமாக விட்டால் அது தானாக உள்ளே ஓடும். 15 முதல் 30 விநாடி ஊறவிட்டுக் கம்பிகளை உருவுங்கள். மேல் துண்டு தன் எடையிலேயே அமர்ந்துகொள்ளும். கையால் அழுத்தினால் கரைந்த பகுதி பிதுங்கி ஒட்டு வறண்டுவிடும், குமிழி தெரியும். பத்து நிமிடம் அசைக்காதீர்கள், 24 மணி நேரம் எடை ஏற்றாதீர்கள். சாதாரண சிரிஞ்சின் ரப்பர் உப்பிச் சிக்கிக்கொள்ளும். கண்ணாடி சிரிஞ்ச் வேண்டும்.

லேசரில் வெட்டிய ஓரத்தில் எம்.டி.சி. பட்டதும் நரம்பு நரம்பாக வெடிப்பு ஓடும். வெட்டும் சூட்டில் தங்கிய இழுவிசைதான் காரணம். 80 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரமாவது வைத்து, மெதுவாக ஆறவிட்டு ஒட்டினால் தப்பிக்கலாம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பைக் காற்றில் இன்னொரு தொல்லை: ஒட்டிய இடம் பால்போல் வெளுக்கும். எம்.டி.சி. 40 டிகிரியிலேயே கொதிப்பது. வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிகிறது. ஏசி அறையில், ஷீட்டையும் திரவத்தையும் முன்பே அங்கு வைத்து ஒட்டுங்கள். இல்லாவிட்டால் மெதுவாக உலரும் அக்ரிலிக் சிமென்ட் வாங்குங்கள்.

அக்ரிலிக்கை அலுமினியத்தில் ஒட்டும் போர்டுகளில் எபாக்ஸி போடுவது தவறு. 8 அடி அக்ரிலிக் ஷீட் 30 டிகிரி வெப்பம் ஏறினால் சுமார் 5 மி.மீ. நீளும், அலுமினியம் 1.7 மி.மீ.தான். கல்லாக இறுகும் பசை அந்த இழுப்பில் விட்டுவிடும், அல்லது ஷீட் வெடிக்கும். நியூட்ரல் சிலிக்கான் (வினிகர் வாடை வராதது) அல்லது தடித்த அக்ரிலிக் ஃபோம் டேப் போடுங்கள். வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் பாலிகார்பனேட்டுக்கு ஆகாது.

அக்ரிலிக்கை ஒட்ட, விலை பார்த்து, அதைக் கரைக்கும் குளோரோஃபார்மும் எம்.டி.சி.யும் வாங்கி, ஜன்னல் இல்லாத மாடிக் காலாவில் நாள் முழுக்கத் திறந்து வைத்து வேலை செய்கிறார்கள். எம்.டி.சி. உடம்புக்குள் கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. மாலையில் வரும் தலைவலியை உழைத்த களைப்பு என்று விடக் கூடாது. இரண்டின் ஆவியும் காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கும். தரையில் உட்கார்ந்து ஒட்டுபவர்தான் அதிகம் இழுக்கிறார். எக்ஸாஸ்ட் ஃபேன் தாழ்வாக இருக்கட்டும், வேலை மேசை மேல் நடக்கட்டும். துணி மாஸ்க் ஆவியைத் தடுக்காது. நீல நைட்ரைல் கையுறையை எம்.டி.சி. மிக விரைவில் ஊடுருவும், நனைந்தால் உடனே கழற்றுங்கள். திறந்த பாட்டில் இருக்கும் அறையில் நெருப்பு டார்ச்சோ பீடியோ கூடாது. அந்த ஆவி நெருப்பில் பட்டால் ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும். பார்க்கத் தண்ணீர் மாதிரியே இருக்கும் திரவம் என்பதால், குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காமல், பெயர் எழுதிய கண்ணாடிப் பாட்டிலில் பூட்டி வையுங்கள்.