மீன்தொட்டியை ஓடையில கவுக்காதீங்க, ப்ளீஸ்

போன வாரம் ஓடைக்கரை பார்க்ல வாக்கிங் போன ஒரு அம்மா, அட்டைப்பெட்டிக்குள்ள ஒரு ஆமையை வச்சு கிளினிக்குக்கு எடுத்துட்டு வந்தாங்க. உள்ளங்கை அளவுதான் இருக்கும். கண்ணு ரெண்டும் வீங்கி மூடிக் கெடந்துச்சு, கட்டைவிரலால லேசா அமுக்குனா முதுகு ஓடு பிளாஸ்டிக் டப்பா மாதிரி உள்ள போகுது. கண்ணுக்குப் பின்னாடி அந்த சிவப்புக் கோட்டைப் பாத்ததுமே புரிஞ்சுபோச்சு, கடையில விக்கற சிவப்புக்காது ஆமை இது, யாரோ தொட்டியில வளத்து அலுத்துப்போயி கொண்டுவந்து விட்டுருக்காங்க. இந்த மாசத்துல இது மூணாவது. அதான் இன்னிக்கு உக்காந்து எழுதறேன், கொஞ்சம் கோவமா தெரிஞ்சா பொறுத்துக்கங்க.

கண்ணு வீக்கம் விட்டமின் ஏ பத்தாததால, ஓடு மெத்துன்னு ஆனது கால்சியமும் வெயிலும் இல்லாததால. வருஷக்கணக்கா காஞ்ச இறால் மட்டுமே போட்டு வளத்தா இப்படித்தான் ஆகும். அந்த நெலமையில இருக்கறதை ஓடையில விட்டா அது எங்க போய் சாப்பாடு தேடும், கண்ணே தெறக்கலையேங்க.

விட்டவங்க சிலபேர் என்கிட்டயே பெருமையா சொல்லிருக்காங்க, "டாக்டர், தண்ணியில வாழற ஜீவன், தண்ணியிலதானே விட்டேன், சுதந்திரமா இருக்கட்டுமே"ன்னு. இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டு கேட்டு எனக்கு காது புளிச்சுப்போச்சு. தண்ணின்னா எல்லாம் ஒரே தண்ணியா? உங்க தொட்டியில ஃபில்டர் ஓடும், ஹீட்டர் இருக்கும், காலையில டப்பாவைத் தட்டுனா சாப்பாடு மேல வந்து விழும். ஓடையில கொக்கு நிக்கும், மழை பெஞ்சா அரைமணி நேரத்துல தண்ணி சேறா ஏறும், வெயில் அடிச்சா முட்டி ஆழத்துக்கு வத்தும். நீங்க பண்ணுனது விடுதலைன்னா, உங்களை ராத்திரியில தெரியாத காட்டுல எறக்கிவிட்டு "சந்தோஷமா இரு"ன்னு டாட்டா காட்டுறதும் விடுதலைதான். நெறைய பிராணி ரொம்ப நாள் தாங்காது. சாகறதை நீங்க பாக்கறதில்ல, அதனால மனசுக்கு நிம்மதியா இருக்கு, அவ்ளோதான்.

சாகாம பொழைக்குதே அந்த மீதி, அதுதான் இன்னும் பெரிய தலைவலி. இந்த சிவப்புக்காது ஆமையோட சொந்த ஊரு அமெரிக்காவுல மிசிசிப்பி ஆத்துப் பக்கம். ஒரு அடி நீளம் வரைக்கும் வளரும், இருபது முப்பது வருஷம் சாதாரணமா வாழும், இதை விக்கும்போது யாரும் சொல்றதில்ல. ஐரோப்பாவுல இது அங்க உள்ள குளத்து ஆமைங்களை வெயில் காயுற கட்டையிலேருந்து தள்ளிவிட ஆரம்பிச்சு, கடைசியில 1997-ல இறக்குமதியையே நிறுத்துனாங்க. ஆமைக்கு வெயில் காயறது பொழுதுபோக்கு கெடையாது, அது இல்லேன்னா சாப்பிட்டதே செரிக்காது. (இன்னொண்ணு, பாக்க நல்லா இருக்குற ஆமை மேல வயித்துப்போக்கு உண்டாக்குற சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். குழந்தைங்க குட்டி ஆமையை வாயில வைக்குதுன்னு அமெரிக்காவுல 4 இஞ்சுக்குக் கீழ உள்ள ஆமையை விக்கக்கூடாதுன்னு 1975-லயே தடை போட்டாங்க. தொட்டா சோப்பு போட்டு கை கழுவுங்க.)

அப்பறம் அந்த கண்ணாடி நக்குற மீன், டேங்க் கிளீனர்னு வாங்குறீங்களே, தொட்டியில விரல் நீளம் இருக்கும், ஓடையில அரை மீட்டருக்குப் பக்கமா வளரும். ஆண் மீன் முட்டைக்காக கரையில வளை தோண்டும், ஒரு மீட்டர் ஆழம் வரைக்கும் போகும், நூறு மீன் சேந்து தோண்டுனா கரை சரியுது, கரையோரம் நிக்குற மரம் சாயுது. பார்க் ஆளுங்க கல்லு கொட்டி கொட்டி அடைக்கறாங்க, நான் பாத்துருக்கேன். தங்கமீனும் லேசுப்பட்டது இல்ல, சேத்தைக் கிண்டி தண்ணியைக் கலக்கிரும், வெளிச்சம் எறங்காம அடியில இருக்குற செடி செத்துரும்.

"ஒண்ணே ஒண்ணுதான் விட்டேன்"னு சொல்றவங்களுக்கு: பெண் கப்பி மீன் ஆணோட விந்தை மாசக்கணக்கா உள்ளயே சேத்து வச்சுக்கும். குட்டி போட்டுப் பெருக ஒத்தை மீன் போதும்.

சரி, என்ன பண்ணணும்? வளக்க முடியலையா, வாங்குன கடையில திருப்பிக் கேளுங்க, மீன் வளக்குற ஆளுங்க க்ரூப்ல போடுங்க, எதுவும் ஆகலைன்னா என்னை மாதிரி ஒரு கால்நடை டாக்டர்கிட்ட கொண்டுவாங்க, நாங்க திட்டுவோம் ஆனா வாங்கிக்குவோம். தொட்டித் தண்ணியை மழைநீர் கால்வாயில ஊத்தாதீங்க, அது நேரா ஓடைக்குத்தான் போகுது, ஒரு சின்ன செடித்துண்டு, ஒரு நத்தை முட்டை போதும். ஓடையிலேருந்து தள்ளி மண்ணுல ஊத்துங்க. செடியை நல்லா காய வச்சு மூடுன குப்பைப் பையில போடுங்க. வீட்டுக்குப் பின்னாடி குளம் வச்சிருக்கீங்கன்னா மழைக்கு வழியாத மாதிரி கரையை ஒசத்துங்க. ஓடையில வித்தியாசமான ஆமையோ மீனோ பாத்தா போட்டோ எடுத்து பார்க் ஆபீஸ்ல காட்டுங்க, நீங்களே பிடிச்சு வேற எடத்துல விடாதீங்க, கும்புடுறேன்.

வாங்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி, இது எவ்ளோ பெருசா வளரும்னு. கடைக்காரர் "தொட்டி அளவுக்குத்தான் வளரும்"னு சொன்னா நம்பாதீங்க, அப்படி எந்த மீனும் கெடையாது. சின்ன தொட்டியில வளர்ச்சி குன்றிப் போகும், அதை வளரலைன்னு சொல்லிக்கறாங்க.

அந்த ஆமை இப்ப கிளினிக் பின்ரூம்ல டப்புல இருக்கு, விளக்கு போட்டு வச்சிருக்கோம், ஊசி போட்டதுக்கு நேத்து ஒரு கண்ணு தெறந்து கீரையைக் கடிச்சுச்சு. பெரிய தொட்டியும் இருபது வருஷமும் கைவசம் இருக்குற யாராவது இருந்தா சொல்லுங்க.