ரிக்ரெஷன்: பின்னடைவுப் பிழை

நேற்றுவரை ஓடிய வைஃபை, கெர்னலை (இயங்குதளத்தின் மையப்பகுதியை) புதுப்பித்த மறுநாள் ஓடவில்லை. லினக்ஸ் இயங்குதள உலகில் இதற்குத் தனிப்பெயர் உண்டு: ரிக்ரெஷன். வாங்கிய நாள் முதலே வேலை செய்யாத வைஃபைக்கு அந்தப் பெயர் பொருந்தாது. முன்பு சரியாக இருந்து, மென்பொருள் மாறியதால் கெட்டது மட்டுமே ரிக்ரெஷன்.

வேர் லத்தீன். 'ரே' என்றால் பின்னோக்கி. 'கிராதி' என்றால் அடியெடுத்து வைத்தல். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்டன் இச்சொல்லைப் புள்ளியியலுக்குள் கொண்டுவந்தார். அந்தப் பொருளில் தமிழகப் பாடநூல்கள் 'தொடர்புப் போக்கு' என்கின்றன. கணினிப் பிழைக்கு அது உதவாது. இலங்கைத் தமிழில் 'பிற்செலவு'. செலவு என்பதற்குப் போதல் என்ற பழம்பொருள் இருப்பதால், லத்தீன் வேரோடு இது அழகாக ஒட்டுகிறது. ஆனாலும் இன்றைய வாசகர் அதைப் பணக்கணக்காகவே படிப்பார். 'பின்னடைவு' எல்லோருக்கும் தெரிந்த சொல். தேர்தல் முடிவு நாளில் செய்தித்தாள் முழுக்க அதுதான். தனியாக நின்றால் எந்தச் சறுக்கலையும் குறித்துவிடும் என்பதால், 'பின்னடைவுப் பிழை' என்று எழுதுவதையே நான் பரிந்துரைப்பேன். அதிலுள்ள 'பின்' மிக முக்கியம். பிழையைக் கண்டறியும் வழியே அங்கிருந்துதான் தொடங்குகிறது.

உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகைகள் பழைய கெர்னலை உடனே அழித்துவிடுவதில்லை. கணினி தொடங்கும்போது, எந்தக் கெர்னலை ஏற்றுவது என்று கேட்கும் கிரப் பட்டியலில் பழையதைத் தேர்ந்தெடுங்கள். வைஃபை வந்துவிட்டால் பின்னடைவுப் பிழை என்பது ஏறக்குறைய உறுதி. வராவிட்டால் வன்பொருளையோ, கூடவே புதுப்பிக்கப்பட்ட ஃபர்ம்வேரையோ (வன்பொருளுக்குள் ஓடும் மென்பொருள்) சந்தேகிக்க வேண்டும். அடுத்த கட்டம், நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியின் 'பைசெக்ட்' கட்டளை. நல்ல பதிப்புக்கும் கெட்ட பதிப்புக்கும் நடுவிலுள்ளதைச் சோதித்து, ஒவ்வொரு முறையும் பாதியைக் கழித்துக்கொண்டே போவது. இடையில் 10,000 மாற்றங்கள் இருந்தாலும் சுமார் 14 சோதனைகளில் குற்றவாளி அகப்படும்.

2022இல் வந்த 5.19.12 கெர்னலில், இன்டெல் கிராபிக்ஸ் கொண்ட சில மடிக்கணினிகளின் திரை வெள்ளையாக மின்னத் தொடங்கியது. திரைக்கு மின்சாரம் தருவதில் இருக்கவேண்டிய கால இடைவெளிகள் தவறியிருந்தன. திரையே பழுதாகலாம் என்று இன்டெல் பொறியாளர் எச்சரித்தார். 5.19.13 அந்த மாற்றங்களைத் திரும்பப் பெற்றது.

2008இல் நடந்தது இன்னும் கொடியது. 2.6.27 கெர்னலின் சோதனைப் பதிப்புகளை ஓட்டியவர்களில் சிலருடைய இன்டெல் நெட்வொர்க் கார்டுகள் செத்துப்போயின. பழி முதலில் அந்தக் கார்டுகளை இயக்கும் இ1000இ டிரைவர் மென்பொருள்மேல் விழுந்தது. உண்மையான காரணம் எஃப்டிரேஸ் என்ற, கெர்னலுக்குள் நடப்பதைத் தடமறியும் வசதி: தனக்கு இனிமேல் சொந்தமில்லாத நினைவக முகவரியில் அது எழுதியது, அந்த முகவரியில் அப்போது இருந்தது கார்டின் நிரந்தர நினைவகம். பழைய கெர்னலுக்குத் திரும்பியும் பயனில்லை. கார்டுக்குள் இருந்த தரவே அழிந்திருந்ததால், முன்நகல் வைத்திருந்தவர்கள் அதைத் திரும்ப எழுதித்தான் மீட்க வேண்டியிருந்தது.