பஃபர் ஓவர்ஃப்ளோ: இடையக வழிதலா, தாங்கல் மீறலா?

கணினிப் பாதுகாப்புச் செய்திகளில் அடிக்கடி தலைகாட்டும் தொடர் இது. வேர்டு கோப்பு, பிடிஎஃப், படக்கோப்பு என்று எதையாவது திறக்கும் மென்பொருளில் ஓட்டை என்று செய்தி வந்தால், பாதிக்கு மேல் படிப்பதற்குள் ‘பஃபர் ஓவர்ஃப்ளோ’ வந்துவிடும். துறையில் இருப்பவர்கள் தமிழில் பேசும்போதும் அப்படியேதான் சொல்கிறார்கள். எழுத வரும்போதுதான் சிக்கல்.

முதலில் ‘பஃபர்’. ஆங்கிலத்தில் ‘பஃப்’ என்றால் மெத்தென்ற ஒன்றின் மேல் விழும் அடி, அதன் மொத்தென்ற ஓசை. அடி, அறை என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. 19ஆம் நூற்றாண்டில் இரயில் வந்தபோது, பெட்டிகள் ஒன்றோடொன்று மோதாமல் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் கருவிக்கு இந்தப் பெயர் ஒட்டியது. சென்னை சென்ட்ரலில் தண்டவாளம் முடியும் இடத்தில் நிற்பதும் பஃபர்தான். பகை நாடுகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட சிறு நாட்டை பஃபர் நாடு என்றார்கள். அமிலமோ காரமோ சிறிது சேர்ந்தாலும் தன் நிலை அதிகம் மாறாத கரைசலுக்கு வேதியியலார் இதே பெயரை வைத்தார்கள். கணினிக்குள் வந்தபோதும் பழைய பொருள் அழியவில்லை. வேகமான செயலிக்கும் மெதுவான அச்சுப்பொறிக்கும் நடுவில் தரவைச் சற்றுநேரம் வாங்கி வைத்துக்கொள்ளும் நினைவகப் பகுதி அது. பிறகு பொருள் விரிந்து, நிரல் எதையாவது தற்காலிகமாக வைக்க ஒதுக்கும் எந்த இடமும் பஃபர் ஆயிற்று. (‘வீடியோ பஃபர் ஆகுது’ என்று சலித்துக்கொள்கிறோமே, அப்போது நடப்பது பஃபர் காலியாகிக் கிடப்பது.)

இந்த இடத்துக்கு அளவு உண்டு. சி மொழியில் எழுதிய நிரல், முப்பது எழுத்துக்கு இடம் ஒதுக்கிவிட்டு வந்த எழுத்துகளை எண்ணாமல் நகலெடுத்தால், நாற்பது வந்தாலும் எழுதிக்கொண்டே போகும். மொழி தானாகத் தடுக்காது. மீதிப் பத்தும் பக்கத்து இடத்தில் இருந்ததை அழித்து அங்கே உட்காரும். அடுக்கு எனப்படும் நினைவகப் பகுதியில், பஃபருக்குச் சற்றுத் தள்ளி, இந்த வேலை முடிந்ததும் நிரல் எங்கே திரும்ப வேண்டும் என்ற முகவரி இருக்கும். அந்த முகவரியின் மேல் தன் முகவரியை எழுதத் தெரிந்தவன் கணினியைத் தன் வழிக்குத் திருப்பிவிடுகிறான். அமெரிக்க விமானப்படைக்காக 1972இல் எழுதப்பட்ட பாதுகாப்பு அறிக்கையிலேயே இந்த ஆபத்து சொல்லப்பட்டிருக்கிறது. 1988 நவம்பரில் இணையத்தைத் திணறடித்த மோரிஸ் புழு (கணினிக்குக் கணினி தானாகவே பரவும் நிரலைப் புழு என்பார்கள்) நுழைந்த வழிகளில் ஒன்று, 512 பைட்டு கொண்ட ஒரு பஃபரை மீறி எழுதியது.

ஆவண மென்பொருளில் இதற்கு மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸின் பழைய ஈக்வேஷன் எடிட்டரைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. வேர்டு கோப்பில் கணிதச் சமன்பாடு எழுத உதவிய சிறு நிரல் அது. டிசைன் சயன்ஸ் என்ற நிறுவனம் செய்தது. 2000ஆம் ஆண்டு நவம்பரில் தொகுக்கப்பட்ட (மூலநிரலைக் கணினி இயக்கும் கோப்பாக மாற்றுவதுதான் தொகுப்பது) அந்த நிரல் கோப்பு, 2007 ஆஃபிஸில் புதிய சமன்பாட்டு வசதி வந்த பிறகும், பழைய ஆவணங்கள் திறக்க வேண்டுமே என்பதற்காக உடன் வந்துகொண்டே இருந்தது. ஆவணத்துக்குள் சமன்பாட்டோடு எழுத்துருவின் பெயரும் பதிவாகியிருக்கும். அந்தப் பெயரை அடுக்கிலுள்ள சிறிய பஃபருக்குள் நகலெடுக்கும்போது நிரல் அதன் நீளத்தைப் பார்க்கவில்லை. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நீண்ட தரவை வைத்தவனுக்குத் திரும்பும் முகவரி கிடைத்துவிட்டது. எம்பெடி நிறுவன ஆய்வாளர்கள் இதைக் கண்டு சொன்னார்கள். 2017 நவம்பர் 14 அன்று திருத்தம் வந்தது. பாதுகாப்பு ஓட்டைகளுக்குப் பொதுவாக வழங்கும் சிவிஇ வரிசையில் சிவிஇ-2017-11882 என்பது இதன் பதிவெண்.

இடைப்பட்ட பதினேழு ஆண்டுகளில் நினைவக முகவரிகளைக் கலைத்துப்போடுவது, தரவுப் பகுதியில் இருப்பதை நிரலாக ஓடவிடாமல் தடுப்பது என்று பல காப்புகள் வந்திருந்தன. வேர்டுக்கு அவை இருந்தன. ஈக்வேஷன் எடிட்டரோ வேர்டுக்கு வெளியே தனி நிரலாக ஓடியது. அந்தக் காப்புகள் வருவதற்கு முன் தொகுக்கப்பட்டது. தவிர, வேறு நிரலை இயக்கும் விண்டோஸ் கட்டளை அதற்குள்ளேயே இருந்தது. தாக்குபவர்கள் அதையே பயன்படுத்திக்கொண்டார்கள். அனுப்பிய கோப்பைத் திறந்து பாதுகாப்புப் பார்வையை (வெளியிலிருந்து வந்த கோப்பைப் படிக்க மட்டும் விடும் நிலை) விலக்கினால் போதும், சமன்பாட்டைத் தொடக்கூட வேண்டாம்.

திருத்திய கோப்பைப் பிரித்துப் பார்த்த ஸீரோபேட்ச் குழுவினர், மூலநிரலை மாற்றி மறுபடி தொகுத்ததாகத் தெரியவில்லை, இயந்திர மொழிக் கோப்பிலேயே மைக்ரோசாஃப்ட்காரர்கள் நேரடியாகக் கைவைத்திருக்கிறார்கள் என்று எழுதினார்கள். அந்த நுணுக்கத்தைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அதே நிரலில் அடுத்த மீறலும் கிடைத்தது, சிவிஇ-2018-0802. இம்முறை ஒட்டுப்போடாமல், 2018 ஜனவரியில் ஈக்வேஷன் எடிட்டரையே ஆஃபிஸிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனாலும் புதுப்பிக்காத கணினிகள் இருந்துகொண்டே இருந்தன. 2016 முதல் 2019 வரை அதிகம் சுரண்டப்பட்ட பத்து ஓட்டைகள் என்று அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு முகமையும் எஃப்பிஐயும் 2020 மே மாதம் வெளியிட்ட பட்டியலில் 11882 இருக்கிறது.

இனித் தமிழ். பஃபருக்கு ‘இடையகம்’ என்ற சொல் கணினிக் கலைச்சொற்களில் புழங்குகிறது. இடையில் இருக்கும் அகம். அச்சுப்பொறி பஃபருக்குப் பொருந்தும். ஆனால் எழுத்துருப் பெயரை வைத்த அந்தச் சிறு இடம் எதற்கும் எதற்கும் இடையில் இல்லை. பள்ளி வேதியியல் நூல்களில் இருப்பது ‘தாங்கல் கரைசல்’. தாங்கு என்பதில் அதிர்ச்சியைப் பொறுப்பதும் உண்டு, ஏந்தி வைத்திருப்பதும் உண்டு. பஃபரின் இரு பொருளும் அதிலேயே வந்துவிடுகின்றன. போதாக்குறைக்குத் தொண்டை மண்டலத்தில் தாங்கல் என்றால் சிறிய நீர்நிலை. பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல், வேடந்தாங்கல் என்று ஊர்ப்பெயர்களில் நிலைத்திருக்கும் சொல். அளவுள்ள இடத்தில் கொஞ்சகாலம் தேக்கி வைப்பதற்கு நம்மிடம் ஏற்கெனவே இருந்த பெயர் இது.

‘ஓவர்ஃப்ளோ’வுக்கு வழிதல் என்பார்கள். சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் ஏரி வழிந்தால் நமக்குக் கொண்டாட்டம். வடக்கே கலங்கல் போகிறது என்பார்கள், தெற்கே மறுகால் பாய்கிறது என்பார்கள். போய்ப் பார்க்கக் கூட்டம் கூடும். மிஞ்சிய நீர் போக வழி வைத்துத்தான் ஏரியே கட்டினார்கள். நிரலில் அந்த வழி இல்லை என்பதுதான் குற்றம். கூடுதல் தரவு வெளியே சிந்திப் போவதில்லை, பக்கத்து இடத்தை அழித்து அங்கேயே நிற்கிறது. ஆகவே ‘மீறல்’ என்பதே என் தேர்வு. எல்லை மீறியது, வேறொருவர் இடத்தில் கைவைத்தது என்ற இரண்டும் அதில் ஒலிக்கின்றன. பஃபர் ஓவர்ஃப்ளோ என்பதற்குத் தாங்கல் மீறல். அளவைப் பார்த்து எழுதுவதற்கு எல்லைச் சோதனை.

எல்லா ஓவர்ஃப்ளோவுக்கும் இதைப் போட்டுவிடக் கூடாது. நிரல் தன்னைத்தானே திரும்பத் திரும்ப அழைத்து அடுக்கு முழுவதும் தீர்ந்துபோவதும் ஸ்டேக் ஓவர்ஃப்ளோதான். அதை அடுக்கு நிறைவு என்று பிரித்துச் சொல்லலாம். அடுக்கில் உள்ள பஃபரை மீறுவது வேறு. ஆங்கிலத்திலேயே இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

கடைசியாக ‘வல்னரபிலிட்டி’. புண் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, புண்படக்கூடிய நிலை. ‘பாதிப்பு’ என்று நாளிதழ்கள் எழுதுவது தவறான பொருள் தருகிறது, ஏனெனில் பாதிப்பு என்றால் கேடு ஏற்கெனவே நடந்துவிட்டது. ‘ஊறுபடுநிலை’ நுட்பமான சொல், கட்டுரைக்கு ஆகும். செய்திக்கு ‘பாதுகாப்பு ஓட்டை’ போதும். ‘ஆவணத்தின் எழுத்துருப் பெயரைப் படிக்கும் இடத்தில் தாங்கல் மீறல் ஓட்டை இருந்தது, திருத்தம் வந்துவிட்டது, உடனே புதுப்பிக்கவும்’ என்று எழுதினால், சொல்லை முதன்முறை பார்ப்பவருக்கும் விஷயம் புரிந்துவிடும்.