231-வது மணியில் ஒரு வெட்டு

பிறந்து சில நாட்களே ஆன பன்றிக்குட்டிக்கு இந்த நோய் வந்தால் பிழைப்பது அரிது. குடித்த பால் வாந்தியாக வரும், தண்ணீராகக் கழியும், உடம்பு வற்றிப்போய்ச் செத்துவிடும். நோயைக் கொடுப்பது ஒரு கொரோனா வைரஸ். பன்றிகளிடையே கொள்ளைநோயாகப் பரவும் கழிச்சல் என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி, பிஇடி வைரஸ் என்கிறார்கள். 1971-இல் இங்கிலாந்துப் பண்ணைகளில் இந்த நோய் முதலில் தென்பட்டது. அது கொரோனா குடும்பத்து வைரஸ் என்பது 1978-இல்தான் தெரியவந்தது. 2013-இல் அமெரிக்காவுக்குள் நுழைந்து லட்சக்கணக்கான குட்டிகளைக் கொன்றது. மனிதர்களுக்கு இது தொற்றுவதில்லை.

இந்த வைரஸ் குடலின் உள்சுவரில் இருக்கும் செல்லுக்குள் புகுந்ததும் முதலில் செய்யும் வேலை கொஞ்சம் விசித்திரமானது. ஏறக்குறைய 28,000 எழுத்துகள் கொண்ட அதன் ஆர்என்ஏவை, அதாவது மரபுக் குறிப்பை, செல்லில் புரதம் செய்யும் இயந்திரமான ரைபோசோம் படிக்கிறது. படித்து, தனித்தனிப் புரதங்களைச் செய்யாமல், ஒரே நீளமான சங்கிலியாகக் கோத்துவிடுகிறது. அந்தச் சங்கிலியைத் துண்டுகளாக நறுக்கினால்தான் வைரஸுக்கு வேலையாட்கள் கிடைப்பார்கள். நறுக்குவதில் பெரும்பங்கு அதே சங்கிலியில் இருக்கும் ஒரு துண்டுக்குத்தான். அதன் பெயர் என்எஸ்பி5. கத்தரிக்கோலும் துணியோடு சேர்த்தே நெய்யப்பட்டு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கத்தரி கண்ட இடத்தில் வெட்டாது. புரதம் என்பது அமினோ அமில மணிகளைக் கோத்த மாலை. அதில் குளூட்டமின் என்ற மணி, அக்கம்பக்கத்தில் தோதான மணிகளோடு இருந்தால் மட்டும், அதை ஒட்டி வெட்டும். வெட்டும் முனையில் இருப்பவை இரண்டே மணிகள்: 41-வது இடத்தில் ஒரு ஹிஸ்டிடின், 144-வது இடத்தில் ஒரு சிஸ்டீன்.

சரி, இதில் பன்றியின் செல்லுக்கு என்ன பாதிப்பு? அதே மாதிரி அமைப்பு செல்லின் சொந்தப் புரதம் ஒன்றிலும் இருக்கிறது. அதுதான் நீமோ.

வைரஸின் ஆர்என்ஏ உள்ளே நுழைந்ததும் ரிக்-ஐ போன்ற புரதங்கள் அதை மோப்பம் பிடித்து, மைட்டோகாண்ட்ரியாவின் மேல் இருக்கும் இன்னொரு புரதத்துக்குச் சேதி சொல்லும். அங்கிருந்து சேதி உட்கருவுக்குப் போய்ச் சேர்ந்தால் இன்டர்ஃபெரான் உற்பத்தியாகும். இன்டர்ஃபெரான் பக்கத்துச் செல்களையெல்லாம் உஷார்ப்படுத்தும். இந்த வழியின் நடுவே நிற்பது நீமோ. அது தானாக எதையும் தூண்டுவதில்லை. தூண்டும் நொதிகளை ஒன்றாகப் பிடித்து வைத்திருக்கும் சட்டம் அது. சுமார் 420 மணிகள் கொண்ட அந்தச் சட்டத்தை என்எஸ்பி5 231-வது மணியை ஒட்டி வெட்டிவிடுகிறது. முன்பாதி ஒருபக்கம், பின்பாதி ஒருபக்கம். எந்தத் துண்டாலும் பழைய வேலையைச் செய்ய முடியாது. சேதி பாதியில் நின்றுவிடும்.

இதைக் கண்டுபிடித்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. இன்டர்ஃபெரான் மரபணுவின் சுவிட்சை எடுத்து, மின்மினிப் பூச்சியை ஒளிரவைக்கும் நொதியோடு இணைத்துச் செல்லுக்குள் வைக்கிறார்கள். சுவிட்ச் விழுந்தால் வெளிச்சம் வரும். வேறொரு வைரஸைக் கொண்டு செல்லைச் சீண்டினால் நன்றாகவே ஒளிர்கிறது. என்எஸ்பி5-ஐயும் சேர்த்தால் மங்கிவிடுகிறது. அப்புறம் கத்தரியை வேண்டுமென்றே மழுங்கடித்தார்கள்: 41 அல்லது 144, ஏதாவது ஒரு மணியை மாற்றினால் போதும், நீமோ வெட்டுப்படுவதில்லை, வெளிச்சமும் அடங்குவதில்லை. மறுபக்கம், நீமோவின் 231-வது குளூட்டமினை மாற்றி வைத்தால் கூர்மையான கத்தரியாலும் அதை வெட்ட முடியவில்லை.

செல்லின் வாயை அடைப்பது என்எஸ்பி5 மட்டுமல்ல. அதே சங்கிலியிலிருந்து வரும் இன்னொரு துண்டான என்எஸ்பி1 உட்கருவுக்குள்ளேயே போய், இன்டர்ஃபெரான் மரபணுவைப் படிக்க உதவும் ஒரு புரதத்தைச் சிதைக்க வைக்கிறது. என்எஸ்பி15, ரிக்-ஐ வகையறாவின் மூக்குக்கு எட்டுவதற்கு முன்பே வைரஸின் மிச்சம்மீதி ஆர்என்ஏவை நறுக்கித் தடயத்தை அழிக்கிறது. ஒரே திருட்டுக்கு இத்தனை கூட்டாளிகள்.

குட்டிகள் மட்டும் இப்படிக் கொத்தாகச் சாவதற்குக் குடலின் வேகமும் ஒரு காரணம். எச்சரிக்கை கிடைக்காத குடலுறிஞ்சிச் செல்கள் அடுத்தடுத்துச் செத்து உதிர, விரல்போல நீண்டிருந்த குடலுறிஞ்சிகள் குட்டையாகி, நீரை உறிஞ்சும் பரப்பே குறைந்துவிடுகிறது. தாய்ப்பால் மறந்த பன்றியில் இந்தச் செல்கள் இரண்டு மூன்று நாட்களில் புதுப்பிக்கப்படும். பச்சிளம் குட்டியில் அதற்கு ஐந்து முதல் ஏழு நாட்கள் ஆகும். அதுவரை குட்டி தாங்குவதில்லை.

நீமோவை வெட்டுவது இந்த வைரஸின் தனிப் புத்தி என்றும் சொல்ல முடியாது. பன்றிகளைத் தாக்கும் டெல்டா கொரோனா வைரஸும் (கோவிடின் டெல்டா வகை அல்ல, இது வேறு) அதே 231-இல் வெட்டுகிறது. கொரோனா குடும்பத்துக்குச் சம்பந்தமே இல்லாத கோமாரி நோய் வைரஸ் 383-வது மணியில் வெட்டுகிறது. கோவிட் வைரஸின் கத்தரியும் மனித நீமோவை வெட்டக்கூடியதுதான். அந்தக் கத்தரியின் வாயில் போய் அடைத்துக்கொள்ளும்படி வடிவமைக்கப்பட்டதுதான் நிர்மாட்ரெல்விர் மாத்திரை. கத்தரி அடைபட்டால் வைரஸ் தன் சங்கிலியையே நறுக்க முடியாது, நீமோவும் முழுசாக இருக்கும்.