ஷூவை மாட்டினால் போதும்

"காலையில எழுந்து நாலு ரவுண்டு ஓடினா எல்லாம் சரியாப் போயிடும்" என்று வீட்டில் கேட்டுக் கேட்டே நொந்துபோனவர்கள் என்னிடம் நிறைய வருகிறார்கள். மனச்சோர்வில் இருப்பவருக்குப் பல் தேய்ப்பதே மலையைப் புரட்டுகிற வேலை, அவரிடம் போய் ஓடு என்றால்? ஆனால் சொல்கிற விதம்தான் தப்பு, விஷயம் தப்பில்லை.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 50 வயதும் அதற்கு மேலும் ஆன, தீவிர மனச்சோர்வு கொண்ட 156 பேரைப் பிரித்து, ஒரு குழுவுக்கு செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரை, ஒரு குழுவுக்கு வாரம் மூன்று நாள் உடற்பயிற்சி, இன்னொன்றுக்கு இரண்டும் கொடுத்துப் பார்த்தார்கள். 1999-இல் முடிவு வந்தது. 16 வாரம் கழித்து மூன்று குழுவும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தன. மாத்திரை முதலில் கொஞ்சம் வேகமாக வேலை செய்தது, அவ்வளவுதான்.

எப்படி? உடற்பயிற்சியில் உடலே சுரக்கும், வலியைக் குறைக்கும் எண்டார்ஃபின்தான் காரணம் என்பார்கள், ஆனால் அது ரத்தத்திலிருந்து மூளைக்குள் அவ்வளவு சுலபமாக நுழையாது. நினைவையும் உணர்ச்சியையும் கவனிக்கும் மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸ் நாள்பட்ட மனச்சோர்வில் சற்றுச் சுருங்குவதுண்டு. உடல் அசையும்போது பிடிஎன்எஃப் என்ற புரதம் கூடுகிறது, நரம்பு செல்களுக்கு அது உரம் மாதிரி. எனக்கு இதைவிடப் பிடித்தது தசை செய்யும் வேலை. மன அழுத்தத்தில் கைன்யூரெனின் என்றொரு பொருள் ரத்தத்தில் கூடி, மூளைக்குள் போய்த் தொந்தரவு செய்கிறது. பயிற்சியில் பழகிய தசையோ அதை மூளைக்குள் நுழைய முடியாத வேறொன்றாக மாற்றிவிடுகிறது. 2014-இல் எலிகளிடம் இதைக் காட்டினார்கள்.

சரி, எழுந்திருக்கவே முடியாதவர் என்ன செய்வார்? "மனசு வந்தா நடக்கிறேன் டாக்டர்" என்றார் ஒருவர். இந்த நோயில் அது தலைகீழ், நடந்த பிறகுதான் மனசு வரும். முதல் வாரம் ஷூவை மாட்டிக்கொண்டு வாசல் கதவு வரை போய்த் திரும்பி வந்து கழற்றிவிடுங்கள், போதும் என்றேன். இரண்டாம் வாரம் தெருமுனை. நடுவில் நான்கு நாள் படுக்கையைவிட்டே எழவில்லை. அதற்கு நான் கணக்குக் கேட்கவில்லை, மறுபடி கதவிலிருந்து ஆரம்பித்தோம்.

மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நடக்கிறோமே என்று தாங்களாக நிறுத்திவிட வேண்டாம். செத்துப்போகலாம் என்ற எண்ணம் வந்தால் நடையெல்லாம் அப்புறம், உடனே யாரிடமாவது சொல்லி மருத்துவரிடம் போங்கள்.

ஆறாவது வாரம் அவரிடம் மனசு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "அதெல்லாம் அப்படியேதான் இருக்கு டாக்டர், ஆனா குதிகால்ல ஷூ கடிக்குது, வேற வாங்கணும்" என்றார்.