வலி நின்றதும் காணாமல் போகிறவர்களுக்கு

போன செவ்வாய்க்கிழமை காலை நான் கிளினிக்கைத் திறக்கும் முன்பே வாசல் படியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வலது கன்னம் வீங்கி, வீக்கம் தாடைக்கு அடியிலும் இறங்கியிருந்தது. முகத்தைத் துண்டால் சுற்றியிருந்தார். வாயைத் திறக்கச் சொன்னால் ஒரு விரல்கூட நுழையவில்லை. பழைய கார்டை எடுத்துப் பார்த்தேன். ஏழு மாதத்துக்கு முன் நான்தான் அவருடைய கீழ்க் கடைவாய்ப்பல்லில் வேர் சிகிச்சை (ரூட் கேனால்) ஆரம்பித்திருக்கிறேன். முதல் சிட்டிங்கில் நரம்பை எடுத்து, மருந்து வைத்து, தற்காலிகமாக அடைத்து, ஒரு வாரத்தில் வரச் சொல்லியிருக்கிறேன். அதோடு சரி, ஆளைக் காணோம்.

"ஏன் வரலை?" என்றேன். அவரால் பேச முடியவில்லை. மனைவிதான் சொன்னார். "அன்னிக்கே வலி சுத்தமா நின்னுடுச்சு மேடம். எதுக்கு இன்னும் போய் நோண்டிக்கணும்னு விட்டுட்டாரு."

இந்த மாதத்தில் இவர் நான்காவது ஆள். அதனால்தான் இரவு பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன், கொஞ்சம் கோபத்தோடு.

எச்சில் விழுங்கவே கஷ்டமாக இருக்கிறது என்று சைகை காட்டினார். அதற்கு மேல் நான் பல்லைத் தொடவில்லை. நேராக அரசுத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டேன். கீழ்ப்பல்லின் சீழ் தாடைக்கு அடியில் இரண்டு பக்கமும் பரவினால் நாக்கை மேலே தள்ளி மூச்சுக் குழாயையே அடைத்துவிடும். லுட்விக் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1836லேயே இதை எழுதி வைத்தார். இன்றும் அவர் பெயரில்தான் படிக்கிறோம், இன்றும் இதனால் ஆட்கள் சாகிறார்கள். இவருக்கு நல்ல வேளை, ஒரு பக்கத்தோடு நின்றது. சீழை வெளியேற்றி, பல்லையும் பிடுங்கி, நான்கு நாள் படுக்க வைத்து அனுப்பியிருக்கிறார்கள்.

இப்போது அந்த 'வலி நின்னுடுச்சு' விஷயத்துக்கு வருகிறேன். இருபது வருடமாகச் சொல்கிறேன், இன்னொரு தடவை சொல்வதில் நஷ்டமில்லை.

சொத்தை உள்ளே இறங்க இறங்க, முதலில் ஐஸ்கிரீம் சாப்பிட்டால் சுரீர் என்கிறது. அப்புறம் சூடான காபிக்கு வலிக்கிறது. அப்புறம் ராத்திரி படுத்ததும் விண்விண் என்று தெறிக்கிறது. சிலர் தண்ணீர் பாட்டிலோடு வருவார்கள். ஜில் தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டால்தான் அவர்களுக்கு வலி அடங்கும். அப்படி ஒருவர் வந்தால், உள்ளே நரம்பு கடைசிக் கட்டத்தில் இருக்கிறது என்று எக்ஸ்ரே எடுப்பதற்கு முன்பே எங்களுக்குத் தெரியும். பிறகு ஒரு நாள் வலி திடீரென்று நின்றுவிடும். கிராம்பு வைத்தேன் சரியாகிவிட்டது, உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன் சரியாகிவிட்டது, மெடிக்கலில் நாலு மாத்திரை வாங்கிப் போட்டேன் சரியாகிவிட்டது என்பார்கள். சரியாகவில்லை ஐயா. நரம்பு செத்துப்போயிருக்கிறது. வாசலில் குரைத்துக்கொண்டிருந்த நாய் செத்துவிட்டது, திருடன் வீட்டுக்குள்ளேயேதான் இருக்கிறான்.

மாத்திரையும் அங்கே போய்ச் சேராது. நீங்கள் விழுங்கும் ஆன்டிபயாடிக் ரத்தத்தோடு போகிற மருந்து. செத்த நரம்பில் ரத்த ஓட்டமே இல்லை. சுற்றியிருக்கிற வீக்கம் கொஞ்சம் வடியும், உள்ளே இருக்கிற கிருமி அப்படியே இருக்கும்.

நாங்கள் பாதி வேலை செய்த பல்லிலும் இதே கதைதான். முதல் சிட்டிங்கில் நரம்பை எடுத்துவிடுவதால் வலி போகிறது. வேர்க்குழாய்கள் இன்னும் முழுசாகச் சுத்தமாகவில்லை, அடைக்கவும் இல்லை. கீழ்க் கடைவாய்ப்பல்லில் பெரும்பாலும் மூன்று குழாய், சிலருக்கு நான்கு. (அந்த நான்காவது ஒளிந்து விளையாடுகிற நாட்களில் என் கழுத்து வலியைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.) மேலே வைக்கிற தற்காலிக அடைப்பு சில வாரம் தாங்கும். ஏழு மாதம் இட்லி, தோசை, வெற்றிலை எல்லாம் மென்றால்? அது கரைந்து எச்சில் உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும்.

பயம் எனக்குப் புரியாமல் இல்லை. பல் மருத்துவம் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது என் பல்லே சொத்தையாகி, ஹாஸ்டலில் பாராசிட்டமால் போட்டுப் பத்து நாள் ஓட்டியவள் நான். படித்த படிப்புக்கே வெட்கம். கடைசியில் சீனியர் ஒருவரிடம் போய்ப் படுத்தேன். ஊசி சரியாக மரக்கவில்லை, இன்னொன்று போட வேண்டி வந்தது. இதுதான் யாரும் சொல்லாதது: நன்றாக வீங்கிச் சிவந்த நரம்புள்ள கீழ்ப்பல்லில் மரப்பு ஊசி லேசில் வேலை செய்யாது. 'ரூட் கேனால்னா உயிர் போற வலி' என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னால், அவர் எத்தனை நாள் தள்ளிப்போட்டுப் போனார் என்று கேளுங்கள். என் இரண்டாவது சிட்டிங்கில் வாய்க்கு மேல் ரப்பர் துணி, பிளீச்சிங் பவுடர் மாதிரி ஒரு வாசம், ரொம்ப நேரம் திறந்து வைத்ததில் தாடை கடுப்பு, அவ்வளவுதான். நடுவில் தூங்கிக்கூடப் போனேன்.

எல்லாம் முடித்து, கேப் (பல்லுக்கு மேல் மாட்டுகிற உறை) மட்டும் போடாமல் போகிறவர்கள் இன்னொரு ரகம். சொத்தையைச் சுரண்டி, நடுவில் வழி வெட்டி வேர் வரைக்கும் போயிருக்கிறோம். மிச்சம் நிற்பது சுற்றுச்சுவர் மாதிரிதான். தீபாவளி முடிந்த வாரம் எங்களுக்கு நல்ல வியாபாரம் என்று ஜோக் அடித்துக்கொள்வோம். முறுக்கில் பிளந்த பல் வேர் வரைக்கும் பிளந்துவிட்டால் பிடுங்குவதைத் தவிர வழியில்லை, போட்ட பணமும் போச்சு. பணம்தான் பிரச்சினை என்றால் முதல் நாளே கேப்போடு சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். கட்டுப்படியாகாது என்றால் கூச்சமே வேண்டாம், சென்னையிலும் சிதம்பரத்திலும் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. செலவு குறைவு, நேரம்தான் கூடுதலாக ஆகும்.

வலி மாத்திரையை நுணுக்கி ஈறில் வைக்காதீர்கள், ஈறு வெந்துபோகும். வீங்கிய கன்னத்துக்கு வெளியே வெந்நீர் ஒத்தடம் கொடுக்காதீர்கள், சீழ் தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே வரப் பார்க்கும். மேல்பல்லைத் தொட்டால் கண் போகும் என்று சொன்ன பெரியவரை என்னிடம் அழைத்து வாருங்கள், பேசிக்கொள்கிறேன். வீக்கத்தோடு காய்ச்சல், விழுங்க முடியாமை, வாய் திறக்க முடியாமை இருந்தால் கிளினிக் எதுவும் தேடாமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், நடுராத்திரி ஆனாலும்.

இன்னொன்று, கெஞ்சியே கேட்கிறேன். எங்கள் ரிசப்ஷனில் ஒரு நோட்டு இருக்கிறது. பாதியில் நின்றவர்களின் பெயரை எழுதி, அந்தப் பெண் வாரம் ஒருமுறை வரிசையாகப் போன் போடுவாள். பில் பாக்கிக்குத்தான் கூப்பிடுகிறோம் என்று நினைத்துப் பலர் எடுப்பதில்லை. செவ்வாய்க்கிழமை வந்தவர் பெயருக்கு நேராக மூன்று தடவை 'எடுக்கவில்லை' என்று எழுதியிருந்தது. இன்று அந்த நோட்டில் இன்னும் பதினோரு பேர் இருக்கிறார்கள். நாளைக்குக் காலையில் போன் வரும், எடுங்கள்.