‘வெர்பலி’ என்றால் வாய்விட்டு

ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாகப் பல வருடம் நின்றிருக்கிறேன். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் கொண்டுவந்த அறுவை சிகிச்சைப் பாதுகாப்பு செக்லிஸ்ட்டில் ‘வெர்பலி’ (verbally) என்றொரு ஆங்கிலச் சொல் உண்டு. கத்தி வைக்கும் முன் சர்ஜன், மயக்க மருத்துவர், நர்ஸ் மூவரும் நோயாளி யார், எந்த இடத்தில் என்ன அறுவை என்பதை ‘வெர்பலி’ உறுதி செய்ய வேண்டும். முடிந்ததும் கருவி, பஞ்சு, ஊசிக் கணக்கை நர்ஸ் அப்படியே சொல்ல வேண்டும்.

இதன் வேர் லத்தீனில் ‘சொல்’ என்று பொருள்படும் வெர்பும். அப்படியானால் எழுதுவதும் வெர்பல்தானே என்று ஒரு ஜூனியர் கேட்டாள். வேரின்படி சரிதான். வழக்கில் அது வாய்மொழியையே குறிக்கிறது. வாயால் என்பதற்கு ‘ஓரலி’ (orally) என்ற சொல்லும் இருக்கிறது. ஆனால் எங்கள் துறையில் அதைக் கேட்டாலே வாய்வழியாகக் கொடுக்கும் மருந்துதான் நினைவுக்கு வரும். ‘அலவுட்’ என்றால் காதில் விழும்படி. கத்த வேண்டியதில்லை, அதற்கு ‘லவுட்லி’ இருக்கிறது.

பேனாவால் டிக் அடித்துவிட்டுப் போவது இதில் எதுவுமே ஆகாது. டிக் அடித்தவர் கண்ணுக்கு மட்டுமே தெரிகிறது. சொன்னால் அறையில் இருக்கும் எல்லோர் காதும் அதைச் சரிபார்க்கிறது. ஒருமுறை பயாப்ஸிக்கு எடுத்த சதையின் லேபிளை வாசித்தேன். “வலது பக்கம்” என்றதும், தையல் போட்டுக்கொண்டிருந்த சர்ஜன் நிமிர்ந்து, “இல்லம்மா, இடது” என்றார். எழுதியது நானேதான். மனதுக்குள் வாசித்திருந்தால் அதே தப்பை மறுபடியும் சரி என்றுதான் படித்திருப்பேன்.

எட்டு நகரங்களில் எட்டு மருத்துவமனைகள் இந்த செக்லிஸ்ட்டைப் பயன்படுத்திப் பார்த்தன. முடிவு 2009-இல் வெளியானது. அறுவைக்குப் பின் வரும் சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 ஆகவும், இறப்பு 1.5-லிருந்து 0.8 ஆகவும் குறைந்திருந்தன.

நோயாளிகளிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பெயரையும் என்ன ஆபரேஷன் என்பதையும் நாங்கள் மறுபடி மறுபடி கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள். தலையை மட்டும் ஆட்டாமல் முழுப் பெயரையும் உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். பயத்தில் படுத்திருந்த ஒரு பாட்டியிடம், பக்கத்துக் கட்டில்காரரின் பெயரைச் சொல்லி “நீங்கதானே?” என்று யாரோ கேட்டார்கள். அவர் “ஆமாம்மா” என்றார். அன்றிலிருந்து “உங்க பேர் என்னம்மா?” என்று மட்டும்தான் கேட்கிறேன்.